மெர்வ் பாஸ்கோவின் தக்கை

என் அக்காள் மகன் ஜேரட் ஆண்களுக்கான சாமான்கள் விற்கிறான். சோப்பு, தாடிக்கு எண்ணெய், மீசைக்கு மெழுகு, அக்குளில் தேய்க்க ஒரு வாசனைக் குச்சி, சட்டைப்பையில் அடங்குகிற பர்ஸ், பீர் பாட்டில் சூடாகாமலிருக்க அதற்கு மாட்டிவிடும் உறை, அப்புறம் இடுப்புக்குக் கீழே வியர்க்கிற இடத்துக்கென்று தனியாக ஒரு பவுடர். எல்லாவற்றின் மேலும் முறைத்துப் பார்க்கும் ஒரு பெலிகன் படம். கம்பெனியின் பெயர் 'முரட்டுப் பெலிகன்'. எங்கள் போர்ட் ஹெயில் பெலிகன்கள் முரடு கிடையாது. மீன் வெட்டும் மேசைக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு பிச்சைக்கு நிற்பவை. இதை நான் அவனிடம் சொன்னபோது, "மெல்போர்ன்ல உக்காந்து சோப்பு வாங்குறவன் பெலிகனை எங்க சித்தி பாத்தான்?" என்றான்.

வாரத்தில் மூன்று நாள் அவனுடைய கொட்டகையில் உட்கார்ந்து இந்தக் கண்றாவிகளைப் பெட்டியில் அடைத்து முகவரி ஒட்டுவது என் வேலை. மற்ற நாட்களில் கடல் மீட்புக் குழுவின் ரேடியோ அறையில் இருப்பேன். அதற்குச் சம்பளம் இல்லை. எங்கள் ஊரில் மீட்புப் படகுக்குப் போகிற யாருக்கும் சம்பளம் இல்லை. வளைகுடாவில் எஞ்சின் நின்றுபோனவர்களும், காற்று திரும்பியதைக் கவனிக்காமல் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர்களும் ரேடியோவில் கூப்பிடுவார்கள். நான் எடுப்பேன். மெர்வ் பாஸ்கோ படகோடு போய் அவர்களை இழுத்து வருவார். இருபது வருஷத்துக்கு மேலாக அவர்தான் அந்தப் படகின் கேப்டன். மனைவி போன பிறகு அவருக்கு இருக்கிற ஒரே விஷயம் அந்தப் படகு என்று ஊரில் சொல்வார்கள். அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சோப்பைக் காட்டினால் யாரும் சோப்பு வாங்குவதில்லை, எவனாவது வழுக்கி விழுவதைக் காட்டினால் வாங்குகிறார்கள். இதுதான் ஜேரட் கண்டுபிடித்த தொழில் ரகசியம். நான்கு வருஷத்துக்கு முன் அடிலெய்டில் வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் ஊருக்கு வந்தவன், வந்த முதல் கோடையிலேயே படகு இறக்கும் சரிவைப் பார்த்துவிட்டான். விடுமுறைக் காலையில் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் காப்பியோடு, நகரத்துக்காரர்கள் படகு இறக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதுப் படகு, புது வண்டி, பின்னால் டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத புருஷன், பக்கத்தில் நின்று கையை ஆட்டுகிற பெண்டாட்டி. டிரெய்லர் கோணிக்கொள்ளும். புருஷன் கத்துவான். பெண்டாட்டி திருப்பிக் கத்துவாள். நாங்கள் சிரிப்போம். நிலைமை மோசமானால் சிரித்தவர்களே எழுந்து, பேன்ட் நனைய இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவோம். ஜேரட் இதில் சிரிப்பை மட்டும் வீடியோவில் எடுத்துக்கொண்டான். கயிற்றைப் பிடிக்கிற பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பாட்டுப் போட்டு, கடைசியில் பெலிகனைக் காட்டுவான். சோப்பு விற்றது.

மூன்று கோடைகள் அந்தச் சரிவில் நின்று படமெடுத்தவன், ஒரு தடவைகூடப் படகு இறக்கியதில்லை.

இந்த ஈஸ்டர் சனிக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ரேடியோ அறையில் இருந்தேன். பார்த்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்.

கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். சின்னப் படகின் பின்பக்கம், அடியில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். கரையில் நிற்கும்போது மழைத் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் அது வழியாக வடிந்துவிடும். தண்ணீரில் இறக்குவதற்கு முன் அதில் தக்கையைத் திருகிவிட வேண்டும். திருகாமல் இறக்கினால் படகு உடனே மூழ்காது. அவசரமே படாமல், நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மூழ்கும்.

மெர்வ் அன்றைக்குத் தன் சொந்தப் படகில் வைட்டிங் மீன் பிடிக்கக் கிளம்பியிருந்தார். தக்கையைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு நகரத்துக்காரன் தன் டிரெய்லரைச் சரிவுக்குக் குறுக்கே கோணலாகச் சொருகிக்கொண்டு நின்றான். பின்னால் வரிசையில் ஹார்ன். மெர்வ் தக்கையை டிரெய்லர் சக்கரத்தின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போய், அந்த ஆளை இறக்கிவிட்டு, அவன் வண்டியைத் தானே ஓட்டி, படகைத் தண்ணீரில் விட்டுக் கொடுத்தார். எப்போதும் செய்கிற காரியம்தான். திரும்பி வந்தவர், தக்கை போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறக்கிவிட்டார்.

பிறகு நடந்ததை, ஜேரட் இணையத்தில் போட்ட வீடியோவில், எண்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். படகு பின்பக்கமாக உட்காருகிறது. மெர்வ் ஓடி வருகிறார். சரிவிலிருக்கும் பாசியில் வழுக்குகிறார், எழுகிறார், மறுபடியும் வழுக்குகிறார். படகின் பின்பக்கத்தைத் தூக்க முதுகைக் கொடுக்கும்போது கால்சட்டை முழங்காலுக்கு இறங்குகிறது. அறுபத்தோரு வயது வெள்ளைப் பிட்டம் காலை வெயிலில் பளபளக்கிறது. ஒரு பெலிகன் வந்து படகின் முனையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. அந்தப் பெலிகனை மட்டும் ஜேரட் மெதுவாக ஓட்டிக் காட்டினான். கீழே எழுத்து: 'மீட்புப் படகின் கேப்டன். இவரை யார் மீட்பது?' அப்புறம் பவுடர் டப்பா. 'எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.'

லைல் ட்ரெலோரும் இன்னும் நாலு பேரும் தண்ணீரில் குதித்துப் படகைக் கரையேற்றியது அதில் இல்லை.

ஒரு மாதத்தில் மெர்வின் பிட்டம் பீர் உறையில் வந்தது. தக்கை வடிவத்தில் கயிறு கட்டின சோப்பு வந்தது. நான்தான் அடைத்தேன். அடைக்கும்போதெல்லாம் வாய்க்குள் திட்டினேன், ஆனால் அடைத்தேன். ஊர்க்காரர்களும் வாங்கினார்கள். கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் "தக்கை!" என்று கத்தினார்கள். அவர் திரும்பிக் கைகாட்டினார், முதல் இரண்டு வாரம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒரு பெண் கூப்பிட்டாள். எஞ்சின் நின்றுவிட்டது, புருஷனும் தானும் மட்டும், காற்று ஏறுகிறது என்றாள். நான் இடத்தைக் கேட்டுக்கொண்டு, மெர்வ் பாஸ்கோ வருகிறார் என்றேன். பின்னால் புருஷன் குரல் கேட்டது. "யாரு, அந்தத் தக்கைக்காரனா? வேற ஆளே இல்லையா உங்க ஊர்ல?" அவர்களாகவே சரிசெய்து பார்க்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இருட்டும் நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். மெர்வ் போய் இழுத்து வந்தார். கரைக்கு வந்ததும் அந்தப் புருஷன் அவரோடு நின்று ஒரு செல்ஃபி கேட்டான்.

மறுநாள் லைல் என்னையும் மெர்வையும் கூப்பிட்டார். லைல்தான் குழுவின் தலைவர்.

"நீ தப்பு செஞ்சேன்னு நான் சொல்லல, மெர்வ்," என்றார். "ஜனங்க கூப்பிடவே யோசிக்கிறாங்க. அப்படி யோசிச்சுக்கிட்டே ஒருத்தன் செத்தான்னா யாரு பதில் சொல்றது?"

"அதுக்கு?"

"வருஷக் கூட்டத்துல ஓட்டுக்கு விடலாம்னு பாக்குறேன். நம்ம குழுப் பையன் டைசனை கேப்டனாப் போட்டா..."

"டைசனுக்கு ராத்திரி கண்ணு தெரியாதே," என்றார் மெர்வ்.

"கண்ணாடி போட்டிருக்கான்."

"தாடியும் வெச்சிருக்கான்," என்றேன் நான். லைல் என்னை முறைத்தார். மீட்புப் படகுக்கு ஒரு புது எஞ்சின் வாங்கித் தருகிறேன் என்று ஜேரட் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். பதிலுக்குப் படகில் பெலிகன் படம், படகில் வைத்து வீடியோ, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு இளமையான, தாடி வைத்த கேப்டன்.

மெர்வ் எழுந்துகொண்டார். "அந்தப் படத்தை நெட்லேருந்து எடுத்துட்டான்னா ஜனங்க ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. எடுக்கச் சொல்றேன். அப்புறம் ஓட்டுக்கு விடு," என்றார்.

நான் முதலில் ஜேரட்டிடம் பேசினேன். அவன் கொட்டகையில் ஒரு கண்ணாடி முன் உட்கார்ந்து தாடியைச் சீவிக்கொண்டிருந்தான். கம்பெனியின் லேபிள்களை வரைகிறவள் தாஷ், அவனோடு குடியிருப்பவள், ஓரமாகக் கம்ப்யூட்டரில் இருந்தாள்.

"ஜேரட், அதை எடுத்துடு."

"எதை?"

"என் முன்னாடி உக்காந்து நடிக்காதே. உன் மூக்கைத் தொடைச்சுவிட்டவ நான்."

"சித்தி, அது நம்ம வீட்டு அடுப்பு மாதிரி. அடுப்பை அணைச்சுட்டு சோத்துக்கு என்ன பண்றது?"

"அந்த மனுஷனைப் படகை விட்டு இறக்கப் போறாங்கடா."

"ஒரு தக்கையை ஞாபகம் வெச்சுக்க முடியாதவரு படகை விட்டு இறங்கினா நல்லதுதானே? ஊருக்கே நல்லதுல்ல?" சீப்பைக் கீழே வைத்தான். "நான் அவருக்கு உதவிதான் பண்றேன். நாளைக்கு நடுக்கடல்ல மறந்தா?"

"நடுக்கடல்ல யாருடா தக்கையைக் கழட்டுறது, முட்டாளே?"

தாஷ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிரித்தாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் பிடிக்கலேன்னா விட்டுடு சித்தி. பெட்டி கட்ட ஆளா இல்ல?" என்றான்.

வியாழக்கிழமை மெர்வே வந்தார். கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டார். சுவர் முழுக்க அட்டைப்பெட்டி, பெட்டி முழுக்க அவர்.

"வாங்க வாங்க கேப்டன்!" ஜேரட் எழுந்து ஓடினான். "நம்ம ஸ்டார் வந்திருக்காரு. தாஷ், காப்பி போடு."

"காப்பி வேண்டாம். படத்தை எடு."

"எடுக்க மாட்டேன்னு யார் சொன்னா? கொஞ்சம் யோசிங்கன்னுதான் சொல்றேன். எண்பது லட்சம் பேருக்குத் தெரிஞ்ச முகம் உங்களுது—"

"முகமா?" என்றார் மெர்வ்.

ஜேரட் ஒரு நொடி தடுமாறிவிட்டு விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். "இன்னொரு வீடியோ எடுப்போம். ரெண்டாம் பாகம். நீங்க தக்கையைப் பல்லுல கடிச்சுக்கிட்டே வர்றீங்க, கடைக்குப் போறீங்க, சர்ச்சுக்குப் போறீங்க, எடுக்கவே மாட்டேங்கறீங்க. விக்கிறதுல உங்களுக்கும் பங்கு. ஆயுசு பூரா தாடி எண்ணெய் இலவசம்."

"எனக்குத் தாடி இல்ல."

"அதனாலென்ன, பவுடர் இருக்கு."

மெர்வ் மெதுவாகத் தலையாட்டினார், ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லை, அளவெடுக்கிற மாதிரி. "ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள எடு. உங்கிட்ட நான் கெஞ்ச வரல. இன்னொரு தடவை கேக்கவும் மாட்டேன்."

"எடுக்கலேன்னா என்ன பண்ணுவீங்க? முங்கிடுவீங்களா?"

அவர் போன பிறகு ஜேரட் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, தாஷைப் பார்த்தான். அவள் காப்பி போடப் போய்விட்டிருந்தாள். மெர்வ் வேண்டாமென்ற காப்பி.

ஞாயிற்றுக்கிழமை வரை படம் நீக்கப்படவில்லை. நீக்கப்படாததோடு, சனிக்கிழமை இன்னொரு தடவை புதுப் பாட்டோடு போடப்பட்டது.

கூட்டம் மத்தியானம், குழுவின் கட்டடத்தில். வெளியே லைலின் தம்பி காலின் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். வெங்காயம் கருகுகிற வாசனை உள்ளே வரை வந்தது. வழக்கமாகப் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், அன்றைக்கு நாற்காலி போதவில்லை. சரிவில் உட்கார்ந்து சிரிக்கிற அதே ஆட்கள்தான். எஞ்சின் கொடுக்கப் போகிறவன் என்பதால் ஜேரட்டுக்கு முன் வரிசை. பெலிகன் தொப்பி போட்டிருந்தான். டைசன் மூலையில், தன் தாடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்று தெரிந்தவன் மாதிரி, அதைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லைல் எழுந்து விஷயத்தைச் சொன்னார். பேசும்போது மெர்வைப் பார்க்கவே இல்லை.

மெர்வ் எழுந்தார். "ஈஸ்டர் சனிக்கிழமை நான் தக்கை போட மறந்தேன். என் சொந்தப் படகுல. மீட்புப் படகுல மறந்ததில்ல. சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

அறையில் ஒரு மாதிரி அமைதி. காலை நகர்த்துகிற சத்தம், இருமல். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது அவருக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குப் புரியவில்லை. அந்த அமைதி ஜேரட்டுக்கு ஆகவில்லை. ஒரு கூட்டம் சிரித்துவிட்டால் வேலை முடிந்தது, அவன் தொழிலே அதுதான். எழுந்து நின்றான்.

"எல்லாரும் என்ன இப்படி சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க? இது ஒரு ஜோக்குங்க. மெர்வுக்கு எதிரா எனக்கு எதுவும் கிடையாது. நீங்க பாத்தது சின்னது. முழுசா இருக்கு எங்கிட்ட, யாருமே பாக்காதது. ஆரம்பம்தான் சூப்பரா இருக்கும். போடட்டுமா?"

லைல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜேரட் வானிலை பார்க்கிற டிவியில் தன் போனைச் சொருகினான்.

படம் தக்கையிலிருந்து ஆரம்பித்தது.

டிரெய்லர் சக்கரத்தின் மேல்தட்டு. அதில் ஒரு பித்தளைத் தக்கை, வெயிலில் மின்னிக்கொண்டு. கேமரா அதை நெருங்கி நெருங்கிப் போனது. பிறகு படகின் பின்பக்கம், காலியான ஓட்டை. பிறகு மறுபடியும் தக்கை. ஜேரட்டின் குரல் கிசுகிசுத்தது: "பாத்தீங்களா? மேலயே கெடக்கு. பெரியவர் மறந்துட்டாரு. உஷ், யாரும் மூச்சு விடாதீங்க."

தாஷின் குரல்: "ஜேரட், சொல்லிடேன். பாவம்."

"சும்மா இருடி. இது தங்கம்."

தூரத்தில் மெர்வ், அந்த நகரத்துக்காரனின் படகைத் தள்ளிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வருகிறார். கேமராவுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறார். "என்னப்பா, சோப்பு நல்லாப் போகுதா?" என்கிறார்.

"சூப்பரா போகுது கேப்டன். இறக்குங்க, இறக்குங்க, உங்களுக்குத்தான் வழி விட்டிருக்கேன்."

மெர்வ் வண்டியில் ஏறுகிறார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நாங்கள் பார்த்ததுதான். வழுக்கினார், எழுந்தார், கால்சட்டை இறங்கியது. ஜேரட் டிவிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பெலிகன் வந்து உட்காரும் இடத்தில் தன் தொடையைத் தட்டினான். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அப்போதுதான் அறையைப் பார்த்தான்.

எங்கள் ஊரில் தக்கை மறப்பது அவமானம் இல்லை. சிரிப்புக்கு இடம், அவ்வளவுதான். ஆனால் தக்கை போடாத படகு தண்ணீருக்குப் போவதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது என்று ஒன்று இல்லவே இல்லை. பார்த்தவன் கத்துவான். விரோதியாக இருந்தாலும் கத்துவான். லைலும் அவர் தம்பி காலினும் ஒரு வேலித் தகராறில் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் அம்மாவின் சவப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கியபோதுகூடப் பேசவில்லை. அத்தனை வருஷத்திலும் அவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சு, ஒரு காலையில் சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து காலின் போட்ட "தக்கை!" என்ற சத்தமும், லைல் தூக்கிக் காட்டின கட்டைவிரலும்தான்.

காலின் சாசேஜ் இடுக்கியோடு வாசலில் வந்து நின்றிருந்தான்.

"நீ பாத்தியா?" என்றார் லைல்.

ஜேரட்டுக்குக் கேள்வி புரியவில்லை. "பாத்ததாலதானே எடுத்தேன். இல்லேன்னா ஆரம்பத்துலேருந்து எப்படி வந்திருக்கும்?"

"பாத்துட்டு சொல்லல."

"சொன்னா வீடியோவே இல்லையே, லைல்." இன்னும் சிரிப்பு முழுதாகப் போகவில்லை அவன் முகத்தில். "அது கரையிலதான இருந்துச்சு. முட்டியளவு தண்ணி. யாரு சாகப் போறா?"

"இறக்குங்கன்னு வேற சொன்னே," என்றான் காலின்.

"சும்மா தமாசுக்கு..."

"வழி விட்டிருக்கேன்னு சொன்னே."

பின்வரிசையில் ஒருவர், "நான் ரெண்டு படகு அப்படி முங்க விட்டிருக்கேன்," என்றார் யாரிடமும் இல்லாமல். "போன வருஷம் நானு," என்றான் இன்னொருவன். "நீ ரெண்டு வருஷம் முன்னாடியும்," என்றாள் அவன் பெண்டாட்டி. மூலையில் டைசன் தாடியிலிருந்து கையை எடுத்து, "எனக்கு மெர்வ்தான் கத்தினாரு. இல்லேன்னா கடன்ல வாங்கின படகு," என்றான்.

ஜேரட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "இவ்ளோ நாள் சிரிச்சீங்கல்ல எல்லாரும்?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான், அதனாலேயே அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது எல்லோருக்கும்.

"மெர்வ் கேப்டனா இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் லைல். டைசன் கைதான் முதலில் மேலே போனது. தூக்காத கை ஜேரட்டுடையது மட்டும், அவனுக்கு ஓட்டு கிடையாது. தாஷ் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கும் ஓட்டு கிடையாது, ஆனால் கையைத் தூக்கியிருந்தாள்.

"எஞ்சின்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பழசே ஓடும்," என்றார் லைல்.

மெர்வ் எழுந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று சிலர் கைதட்டக்கூடத் தயாரானார்கள்.

"கை தூக்கினதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்," என்றார். "இத்தனை நாளா என் குண்டி போட்ட உறையில பீர் குடிச்சீங்க. லைல், உன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒண்ணு இருக்கு, நான் பாத்தேன். இன்னிக்கு இவனைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிறீங்க. சுளிங்க. நான் படகை ஓட்டுறேன். ஆனா கொஞ்ச நாளைக்கு என்கிட்ட வந்து யாரும் தோள்ல கை போடாதீங்க."

லைல் தரையைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். பெட்டி அடைத்த கை என்னுடையது.

மெர்வ் டிவி பக்கம் போனார். ஜேரட் போனின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான், சுருள் சரியாக வராமல் அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"படத்தை எடுக்கச் சொன்னேன்ல, அது இப்ப வேண்டாம்," என்றார். "எடுக்காதே. இருக்கட்டும்."

ஜேரட் நிமிர்ந்தான். "நிஜமாவா?"

"அதுகூட இதையும் போடு. இப்ப காட்டினியே, முழுசு. வெட்டாம, பாட்டு இல்லாம. தக்கையிலேருந்து."

முதல் தடவையாக ஜேரட்டுக்கு விஷயம் புரிவதை நான் பார்த்தேன். தாடிக்கு மேலே தெரிகிற கொஞ்சம் முகமும் சிவந்துவிட்டது.

"அதப் போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க, மெர்வ்."

"ஆமா," என்றார் மெர்வ். "கேப்டன்னு கூப்பிடு. வியாழக்கிழமை வரைக்கும் அப்படித்தானே கூப்பிட்டே."

வெளியே போய்விட்டார். காலின் நீட்டின சாசேஜைக்கூட வாங்கவில்லை.

கூட்டம் கலைந்து வெளியே சாசேஜ் ரொட்டிக்கு வரிசை நின்றது. உள்ளே நானும் ஜேரட்டும் மிச்சம். தாஷ் அவனுக்காகக் காத்திருக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சித்தி, நீயாவது சொல்லேன். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு ஜோக்கு. நாலு பேர் சிரிக்கட்டும்னு ஒரு ஜோக்கு."

"நாளைக்குப் பெட்டி கட்ட ஆள் பாத்துக்கோ," என்றேன்.

"சித்தி!"

"அந்தப் பவுடரை நீயே போட்டுக்கோ."

அன்று ராத்திரி என் அக்காள் அடிலெய்டிலிருந்து போனில் கத்தினாள். சொந்தப் பிள்ளையை ஊர் முன்னால் விட்டுக்கொடுத்துவிட்டேனாம். முழுப் படத்தை உன் பிள்ளையிடம் கேட்டு வாங்கிப் பார், அப்புறம் பேசு என்றேன். அவள் கேட்டாளா, அவன் காட்டினானா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை.

சின்னப் படம் இன்னும் இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. முழுப் படத்தை ஜேரட் போடவில்லை. கொட்டகையை இன்னும் காலி செய்யவுமில்லை. ஊரைவிட்டுப் போனால் தோற்றுப்போனதாகிவிடும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. பெட்ரோல் போடுகிற இடத்திலும், ரொட்டிக் கடையிலும், தபால் நிலையத்தில் அவன் தன் பெட்டிகளைத் தானே சுமந்துகொண்டு நிற்கும்போதும், யார் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "போட்டியா?" நல்லாயிருக்கியா என்று கேட்கிற குரலிலேயே கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டு தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறான். அந்தப் பக்கத்திலும் யாராவது நிற்கிறார்கள்.